விளக்கு தாழும்போது வேகமும் தாழட்டும்

விடியலுக்கு முன்பே தொடங்குவது பால்வெட்டுத் தொழில். வெயில் ஏறாத குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரம் நன்கு பால் சுரக்கும். ஆதலின், தோட்டத்து மக்கள் இருள் பிரியுமுன்பே பிரட்டுக்கும் நிரைக்கும் புறப்பட்டு விடுகின்றனர். நடந்து செல்வோர் சிலர். சைக்கிளில் செல்வோர் சிலர். மோட்டார் சைக்கிளில் செல்வோர் பலர். அதே பாதையில் லாரிகளும் கார்களும் ஓடுகின்றன. தெருவிளக்கு இல்லாத அப்பாதையில் வாகனத்தின் முன்விளக்கே ஓட்டுநருக்குக் கண்ணாகும். அதனை முறையறிந்து பயன்படுத்துதல் உயிர் காக்கும் செயலாகும்.

இருவகை வெளிச்சம்

முன்விளக்கில் இரண்டு நிலைகள் உள்ளன. 'ஹை பீம்' எனப்படும் மேல்வெளிச்சம் 100 மீட்டருக்கு அப்பாலும் சாலையைக் காட்டவல்லது. 'டிம்' எனப்படும் தாழ்வெளிச்சத்தில் ஏறத்தாழ 40 அல்லது 50 மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். எதிரே வருவோர் கண் கூசாதிருக்கும் பொருட்டு, அது கீழ்நோக்கி விழுமாறு அமைக்கப்பட்டுள்ளது.

கூசும் ஒளி பட்டால் கண்மணி உடனே சுருங்கும். ஆனால், அது மீண்டும் இருளுக்குப் பழகுவதற்குச் சில வினாடிகள் பிடிக்கும். வயது ஏற ஏற இன்னும் கூடுதலான நேரம் பிடிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒருவரின் கண் மூன்று வினாடிகள் மங்கினால், அவர் 50 மீட்டர் தூரத்தைக் குருடரைப் போல் கடக்கின்றார். நாம் தாழ்த்தாத விளக்கு பிறரைக் குருடாக்குகின்றது என்பதை உணர வேண்டும்.

தானாகத் தாழும் விளக்கு

இத்தவற்றைத் தவிர்க்கவே தானியங்கி மேல்வெளிச்சம் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1952ஆம் ஆண்டிலேயே 'ஆட்ரானிக் ஐ' என்னும் கருவியைத் தன் கார்கள் சிலவற்றில் பொருத்தியது. இன்று நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் சிலவற்றிலும் இவ்வசதி உண்டு. முன்கண்ணாடியின் பின்புறம் அமைந்த சிறு கேமரா, எதிரே வரும் வாகனத்தின் முன்விளக்கையும், முன்னே செல்லும் வாகனத்தின் சிவப்புப் பின்விளக்கையும் கண்டதும் வெளிச்சத்தைத் தாழ்த்தும். பாதை இருண்டதும் மீண்டும் உயர்த்தும். பொதுவாக, கார் ஓரளவு வேகம் பிடித்த பின்னரே இது இயங்கும்.

இது நல்ல துணைதான். எனினும், கேமரா தேடுவது விளக்கைத்தான், மனிதரை அன்று. விளக்கில்லாத சைக்கிளில் வருபவருக்காகவும், சாலையோரம் நடப்பவருக்காகவும் அது வெளிச்சத்தைத் தாழ்த்தும் என்று எதிர்பார்க்க முடியாது. மங்கிய விளக்கோடு வரும் மோட்டார் சைக்கிளை அது காணத் தவறவும் கூடும். வளைவிலும் மேட்டிலும் எதிர்வண்டியைத் தாமதமாகவே காணும். மழை, பனிமூட்டம், கண்ணாடியில் படிந்த செம்மண் ஆகியவையும் அதனை ஏமாற்றும். இத்தகைய இடங்களில் ஓட்டுநரே தம் கையால் விளக்கைத் தாழ்த்த வேண்டும். மேலும், பனிமூட்டத்தில் மேல்வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

கருவி செய்யாத வேலை

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. கருவி வெளிச்சத்தைத் தாழ்த்தும். அதற்கேற்ப வேகத்தைத் தாழ்த்தாது.

கூட்டரசு சாலைகளின் பொதுவான உச்ச வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அவ்வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதித்து முற்றிலும் நிற்பதற்குள் ஏறத்தாழ 90 மீட்டர் ஓடிவிடும். தாழ்வெளிச்சத்தில் தெரிவதோ 50 மீட்டர். எஞ்சிய 40 மீட்டருக்குள் நடந்து செல்பவரின் கதி என்ன? 60 கிலோமீட்டர் வேகத்திலோ, காய்ந்த சாலையில் அக்கார் 50 மீட்டருக்குள் நின்றுவிடக் கூடும். சாலை நனைந்திருந்தால் அத்தூரமும் போதாது. ஆகவே, வெளிச்சம் தாழ்ந்த அக்கணமே கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழ வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவில் தக்க வேகமாகும்.

நம் பங்கு

நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது மோட்டார் சைக்கிள். அதில் கேமரா இல்லை, கட்டைவிரலே தானியங்கி. எதிரே விளக்கொளி தென்பட்டதும் 'டிம்' செய்யப் பழகுதல் வேண்டும். பின்னிருக்கையில் அரிசி மூட்டையோ எரிவாயுத் தோம்போ ஏற்றினால் வண்டியின் முன்புறம் சற்றே உயரும். அப்போது தாழ்வெளிச்சமும் பிறர் கண்ணைக் குத்தும். பாரத்தைக் குறைப்பதே நன்று. விளக்கின் கண்ணாடியை நாள்தோறும் துடைத்தலும், பின்விளக்கு எரிகின்றதா என்று பார்த்தலும் ஒரு நிமிட வேலைதான். மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்பது 1992 முதல் நடப்பிலுள்ள விதி. நாம் பிறரைக் காண்பதற்கு மட்டுமன்றி, பிறர் நம்மைக் காண்பதற்கும் விளக்கு வேண்டும் என்பதே அதன் கருத்து.

நடந்து செல்வோர் வெளிர்நிற ஆடை அணிந்து, வாகனங்கள் எதிரே வரும் பக்கமாகச் செல்லுதல் நலம். நெற்றி விளக்கை நிரையில்தான் ஏற்ற வேண்டும் என்பதில்லை. வீட்டு வாயிலிலேயே ஏற்றிக் கொள்ளலாம்.

புதிய கருவிகள் வரட்டும், அவற்றை வரவேற்போம். ஆயினும், இருளில் நடந்து வருபவர் நம் அண்டை வீட்டுக்காரராகவோ, பிரட்டுக்குச் செல்லும் நம் தாயாராகவோ இருக்கலாம். அவர் பொருட்டு வேகத்தைக் குறைப்பது நம் காலின் கடமை.