எழுத்தின் பெயரும் அளவின் பெயரும்

மயிலாப்பூரில் சித்திரக்குளத்திற்கு அருகே என் தமக்கையார் வசிக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்னர், அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளன்று மாலையில் அவரைக் காணச் சென்றிருந்தேன். நீரிழிவு நோய்க்கு இன்சுலின் மருந்தை இனி வீட்டிலேயே ஊசி மூலம் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, அளவை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் பேரன் அதை வாசித்து, “நாற்பது” என்றான். சீசாவிலிருந்து மருந்தை ஊசிக் குழலில் ஏற்றத் தொடங்கினான்.

தமக்கையார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “கொஞ்சம் பொறுடா. ஆஸ்பத்திரியில் போட்டபோது குழலின் அடியில்தானே மருந்து இருந்தது? நீ முழுக் குழலையும் நிரப்புகிறாயே!” என்றார்.

தாளை வாங்கி விளக்கருகே வைத்துப் பார்த்தேன். அதில் இருந்தது நாற்பது அன்று. நான்கு என்ற இலக்கமும், அதை ஒட்டி ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. ‘யூனிட்’ என்ற அளவுச் சொல்லின் சுருக்கம் அது. எழுதியவருடைய அவசரத்தில் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டு, பார்ப்பவர் கண்ணுக்குச் சுழியாகிவிட்டது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டோம், நான்குதான் என்றார்கள். பத்து மடங்கு இன்சுலின் உடலில் ஏறியிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, உயிருக்கே அபாயம் நேர்ந்திருக்கக்கூடும்.

ஓர் எழுத்து இலக்கமாக மாறிய கதை இது. இதில் பேரனைக் குறை கூறுவதற்கில்லை. தாளில் இருந்த குறிகளுள் எது எண், எது அளவின் பெயர் என்று பிரித்துக் காட்டும் சொல் ஒன்றுமே இல்லை. எழுத்தைச் சொல்லும்போது “இது எழுத்து” என்றும், அளவைச் சொல்லும்போது “இது அளவு” என்றும் கேட்பவருக்கு உணர்த்தவேண்டிய கடமை மொழிக்கு உண்டு. அக்கடமையை மொழி எவ்வாறு நிறைவேற்றுகிறது என்பதைச் சிறிது காண்போம்.

முதலில் எழுத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் பல எழுத்துகள் தனியே நின்று சொல்லாகவும் பொருள் தருவன. ‘ஆ’ என்றால் பசு; ‘ஈ’ என்றால் பறக்கும் ஈ; ‘பூ’, ‘தீ’, ‘கை’, ‘பை’ ஆகியவற்றை விளக்கவேண்டியதில்லை. “ஆ நின்றது” என்று ஒருவர் கூறினால், தெருவில் பசு நின்றதா, ஏட்டில் எழுத்து நின்றதா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆகவே நம் இலக்கண ஆசிரியர்கள் எழுத்தின் பெயரைச் சொல்வதற்கென்றே சில சிறு சொற்களை வகுத்தார்கள். கரம், காரம், கான் என்பவை அவை. இவற்றுக்கு எழுத்துச் சாரியை என்று பெயர். அகரம், ஆகாரம், ஐகான், மஃகான் என்று வழங்குகிறோம் அல்லவா? இவற்றின் வால்களாக நிற்பவை அச்சாரியைகளே.

இவை வருவதற்கு ஒழுங்கும் உண்டு. நெட்டெழுத்துக்குக் கரமும் கானும் வாரா. காரம் மட்டுமே வரும் என்பது தொல்காப்பியம். குற்றெழுத்துக்கு மூன்றுமே வரலாம். ஐ, ஔ ஆகிய இரண்டுக்கும் காரத்தோடு கானும் உண்டு. தனித்து ஒலிக்க இயலாத மெய்யெழுத்து அகரத்தின் துணையைப் பெறும் என்று நன்னூல் கூறும். ஆதலால் ‘க்’ என்பதைக் ‘க’ என்றும், மேலும் தெளிவு வேண்டின் ‘ககரம்’ என்றும் சொல்கிறோம். ‘ஆகாரம்’ என்பது உணவுக்கும் பெயரன்றோ என்று குறும்புக்கார மாணவர் கேட்கலாம். கேட்கட்டும், எழுத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் எவரும் இலையை விரித்து உட்கார்ந்துவிடமாட்டார்!

ஆங்கிலத்தில் இத்தகைய சாரியை இல்லை. ‘எம்’ என்பதும் ‘என்’ என்பதும் தொலைபேசியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும். வானூர்தி ஓட்டுபவருக்கும் நிலையத்தில் இருப்பவருக்கும் இந்த ஐயம் நேரலாகாது என்பதற்காக, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழுச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். 1956ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலின்படி ‘எம்’ என்பது ‘மைக்’. ‘என்’ என்பது ‘நவம்பர்’. மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் இதே பெயர்கள்தாம் வழங்குகின்றன.

இதனை இன்னும் ஆழமாக ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டில் ஜேம்ஸ் குக் பிரவுன் என்பவர், தருக்க நெறிக்கு முற்றிலும் ஒத்த செயற்கை மொழி ஒன்றை ஆக்கத் தொடங்கினார். அதன் வழியில் 1987ஆம் ஆண்டு முதல் உருவான மொழிக்கு லோஜ்பான் என்று பெயர். அம்மொழியில் உயிரெழுத்தின் பெயரைச் சொல்ல, அதன்பின் ‘பு’ என்ற சிறு சொல்லைச் சேர்க்கவேண்டும். ‘அ’ என்பது ‘அபு’ ஆகும். மெய்யெழுத்துக்குப் பின் ஒரு மெல்லிய உயிரொலி சேரும். நம்முடைய கரமும், மெய்க்குத் துணையாகும் அகரமும் வேறு வடிவில் அங்கே நிற்பதைக் காண்கிறோம். இரு மொழிகளுக்கும் தொடர்பு உண்டு என்று இதனால் முடிவு செய்யலாகாது. தேவை ஒன்றாயின் தீர்வும் ஒன்றுபோல் அமைகிறது, அவ்வளவே.

லோஜ்பானில் மற்றொரு வகைச் சொற்களும் உண்டு. ‘கெஹொ’ என்று சொன்னால், இனி வரும் எழுத்துகள் கிரேக்க எழுத்துகள் என்று பொருள். ‘ருஹொ’ என்றால் உருசிய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்துகள். ‘கஹெ’ என்றால் பெரிய எழுத்துகள். இவை தாமே எழுத்துகள் அல்ல. எழுத்துகளின் இனத்தை மாற்றும் அறிவிப்புகள். இரயில் பாதையில் தடம் மாற்றும் விசையைப் போன்றவை எனலாம்.

இத்தகைய தடமாற்றம் நமக்குப் புதியதன்று. பழைய தமிழ் இலக்கங்களைப் பாருங்கள். ஒன்று என்பது ௧. அது ககரத்தின் வடிவம். இரண்டு என்பது ௨, உகரத்தின் வடிவம். ஏழு ௭ என எகரத்தைப் போலவும், எட்டு ௮ என அகரத்தைப் போலவும் இருக்கும். கால் என்ற பின்னத்தின் குறி வகரத்தை ஒக்கும். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று இந்த ஒப்புமையைக் கொண்டே வசை பாடுகிறது. எட்டும் காலும் சேர்ந்த இலட்சணம் என்பது போல் அதில் ஒரு குறிப்பு வரும். எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’; இரண்டையும் எழுத்தாகப் படித்தால் ‘அவலட்சணம்’ என்றாகும். பாட்டில் இது இன்பம் தருகிறது. மருந்துச் சீட்டிலோ இதே மயக்கம் ஆபத்தாக முடியும்.

பிறமொழி ஒலியை எழுதவும் தமிழில் ஒரு தடமாற்றக் குறி தோன்றியிருக்கிறது. ‘ஃபாரன்ஹீட்’ என்று எழுதும்போது முதலில் நிற்கும் ஆய்தம் தனக்குரிய பழைய ஒலியைத் தரவில்லை. “அடுத்த பகரத்தை வழக்கம்போல் ஒலிக்காதே” என்று அறிவிக்கும் வேலையையே அது செய்கிறது.

இனி அளவைப் பெயர்களுக்கு வருவோம். தொல்காப்பியர் எழுத்துச் சாரியையோடு நின்றுவிடவில்லை. அளவு, நிறை, எண் ஆகியவற்றின் பெயர்கள் ஒன்றோடொன்று சேரும் முறையையும் விதித்தார். பெரிய அளவின் பின் அதற்கு உட்பட்ட சிறிய அளவு வருமாயின், இடையே ‘ஏ’ என்னும் சாரியை வரும். நாழியே ஆழாக்கு என்றால் ஒரு நாழியும் அதற்கு மேல் ஓர் ஆழாக்கும் என்பது பொருள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எனவே அது ஒன்பது ஆழாக்கு ஆகிறது. கழஞ்சே குன்றி என்பதும் இவ்வாறு வருவதே.

அந்த ஒரு ‘ஏ’ செய்யும் வேலையை அறியவேண்டுமாயின் இரண்டு சொற்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘எட்டேகால்’ என்றால் எட்டும் அதன்மேல் காலும். ‘எட்டுக்கால்’ என்றால் சிலந்திப் பூச்சி! கூட்டலைக் குறிக்கும் அடையாளத்தை ஓர் உயிரெழுத்திலேயே அடக்கிவிட்டது தமிழ். அரை என்ற சொல்லுக்கு மட்டும் இந்தச் சாரியை பொருந்தாது என்று தொல்காப்பியர் விலக்கும் கூறியிருக்கிறார். நாமும் ஒன்றேகால், ஒன்றேமுக்கால் என்கிறோம். ஆனால் ஒன்றேயரை என்று சொல்வதில்லை, ஒன்றரை என்றே சொல்கிறோம். மயிலைத் தெற்கு மாடவீதியில் காய்கறி விற்கும் அம்மாள் “ஒன்றே கால் கிலோ”, “ஒன்றரை கிலோ” என்று கூறும்போது, இலக்கணம் கற்காமலேயே அந்தப் பழைய விதியைப் பிறழாமல் காக்கிறார். கிலோ வெளிநாட்டிலிருந்து வந்தது, ‘ஏ’ நம்முடையது.

முகத்தலளவைப் பெயர்களும் நிறைப் பெயர்களும் ஒன்பது எழுத்துகளையே முதலாகக் கொண்டு வரும் என்ற கணக்கும் தொல்காப்பியத்தில் உண்டு. க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்பவை அவை. கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்று உரையாசிரியர் அளவைப் பெயர்களை அடுக்கிக் காட்டுவர். இவற்றுட் பல இன்று வழக்கொழிந்தன.

வழக்கொழிந்ததற்குக் காரணமும் உண்டு. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டிருந்தமையால் ஏமாற்றத்திற்கு இடமிருந்தது. 1956ஆம் ஆண்டில் எடை அளவைச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் முதல் நாளில் தசம நாணயம் வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. எனினும் பழைய அளவுகள் முற்றிலும் மறையவில்லை. தியாகராய நகர் நகைக்கடைகளில் எட்டுக் கிராமைச் சவரன் என்றே கேட்கிறார்கள். அடையாற்றில் மனை வாங்குபவர் 2,400 சதுர அடியை ஒரு கிரவுண்ட் என்கிறார். பூக்காரி முழங்கையால் அளந்து முழம் என்கிறாள்.

மெட்ரிக் முறையின் வலிமை அதன் முன்னொட்டுகளில் இருக்கிறது. ஆயிரம் மடங்குக்குக் கிலோ, ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மில்லி என்று அவை எல்லா அலகுகளோடும் ஒன்றுபோலச் சேரும். ஆனால் சுருக்கக் குறியில் ஓர் இடர் உண்டு. ஆங்கிலத்தில் சிறிய ‘எம்’ மில்லியைக் குறிக்கும். பெரிய ‘எம்’ பத்து இலட்சம் மடங்காகிய மெகாவைக் குறிக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 100 கோடி மடங்கு! காதால் கேட்பவருக்குப் பெரிய எழுத்து ஏது, சிறிய எழுத்து ஏது? லோஜ்பானில் மில்லிக்கும் மெகாவுக்கும் தனித்தனி முழுச்சொற்கள் வைத்திருப்பது இதனாலேயே பயனுடையதாகிறது. தமிழில் பெரிய எழுத்து என்பதே இல்லை. எனவே சொல்லை முழுமையாகச் சொல்வதே நமக்கும் உகந்த வழி.

அளவுச் சொல்லை முழுமையாகச் சொல்லாமையால் விளையும் குழப்பத்திற்கு நம் நகரத்திலேயே சான்று காட்டலாம். 2015 டிசம்பர் முதல் வாரத்துப் பெருமழையை எவரும் மறந்திரார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். 49 சென்டிமீட்டர் என்பது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 490 லிட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ஏறத்தாழ 29,000 கன அடி திறக்கப்பட்டது என்ற செய்தியும் அப்போது பரவியது. கன அடி என்பது கொள்ளளவு. அங்கே கருதப்பட்டதோ ‘வினாடிக்கு’ இத்தனை கன அடி என்பது. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். ஆகவே ஒவ்வொரு வினாடியும் எட்டு இலட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் அடையாற்றில் இறங்கியது. ‘வினாடிக்கு’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் அந்த வெள்ளத்தின் வேகம் செய்தியிலிருந்து மறைந்துவிடுகிறது. கோட்டூர்புரம் போன்ற கரையோரப் பகுதிகளில் வாழ்பவர்க்கு அச்சொல் எத்துணை இன்றியமையாதது!

ஏரியின் கொள்ளளவைச் சொல்லும் ‘டி.எம்.சி.’ என்பதும் அத்தகையதே. ஆயிரம், மில்லியன், கன அடி என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. விரித்தால் 100 கோடி கன அடி. ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். நாளிதழில் நாள்தோறும் காணும் அந்த மூன்று எழுத்துகளை, மாணவர்களே, ஒரு முறையேனும் நீங்கள் விரித்துப் பார்த்ததுண்டா?

விடைத்தாளில் எண்ணை மட்டும் எழுதி அலகை விட்டுவிட்டால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். அது அவருடைய கடுமை என்று நான் மாணவனாக இருந்தபோது எண்ணியதுண்டு. இப்போது அவ்வாறு எண்ணுவதில்லை. தமக்கையார் வீட்டு அலமாரியின் கதவில் இன்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பேரன் தன் கையாலேயே எழுதியது. இலக்கமும் இல்லை, ஆங்கிலச் சுருக்கமும் இல்லை. ‘நான்கு யூனிட்’ என்று எழுத்தால் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்திருக்கிறான்.