டாங்குக்குள் புலி! “போடு” என்பதா? “விடு” என்பதா?

புலியைப் பிடித்து மோட்டார் வண்டியின் பெட்ரோல் டாங்கில் போட முடியுமா?

முடியாது! ஆனால், அப்படிச் செய்யச் சொல்லியே உலகம் முழுவதும் பெட்ரோல் விற்றது ஒரு கம்பெனி.

அதன் பெயர் எஸ்ஸோ. 1959-ம் ஆண்டில், அமெரிக்காவில் சிகாகோ நகரைச் சேர்ந்த ஓர் இளம் விளம்பர எழுத்தாளர், “உங்கள் டாங்கில் ஒரு புலியை வையுங்கள்” என்ற பொருள் தரும் வாசகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். 1964-ல் அந்த விளம்பரம் பெரிய அளவில் வெளிவந்தது. சிரிக்கும் கார்ட்டூன் புலி, கடல் கடந்து பல நாடுகளுக்குப் போயிற்று.

“எங்கள் பெட்ரோலை வாங்கினால், உங்கள் வண்டி புலிபோல் பாயும்.” சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஒரு சிறு சொல்

ஆங்கில வாசகத்தில் உள்ள வினை “புட்”. மிகச் சாதாரணமான சொல். வை, போடு, இடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதும். பெட்ரோலுக்கும் அது பொருந்தும், புலிக்கும் பொருந்தும். விளம்பரத்தின் வெற்றி ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

வேறு மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்?

பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் “வை” என்ற வினையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால், டாங்கை எஞ்சின் ஆக்கிவிட்டார்கள்! ஜெர்மானியர்கள் டாங்கை விடவில்லை. புலிக்கும் டாங்குக்கும் அவர்கள் மொழியிலும் முதல் எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டது. அவர்கள் வினையை மாற்றினார்கள். “பாக்” என்றார்கள். மூட்டையில் திணிப்பதற்கும் அந்தச் சொல்தான். கெட்டியாகப் பிடிப்பதற்கும் அந்தச் சொல்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது?

கம்பைநல்லூருக்குப் போவோம்

இதற்கு விடை அகராதியில் மட்டும் கிடைக்காது. வயலும் வண்டியும் மாடும் உள்ள ஊரில் தேடவேண்டும். தருமபுரி மாவட்டத்தில் உள்ள கம்பைநல்லூரை எடுத்துக்கொள்வோம். எஸ்ஸோ புலி உலகம் சுற்றிய அதே காலத்தில்தான், 1965-ல், சேலம் மாவட்டத்தில் இருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது.

கம்பைநல்லூர் விவசாயி ஒருவர் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் என்ன சொல்வார்? “ரெண்டு லிட்டர் பெட்ரோல் போடுங்க” என்பார். லாரி டிரைவராக இருந்தால், “டீசல் அடிங்க” என்பார்.

அப்படியானால், “டாங்கில் புலியைப் போடுங்கள்” என்று எழுதிவிடலாமா?

ஆபத்து! “பெட்ரோல் போடு” என்னும்போது நடுவில் “ஐ” இல்லை. “புலியைப் போடு” என்னும்போது “ஐ” வந்துவிடுகிறது. “ஆளைப் போட்டுவிட்டான்” என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். பாவம், புலியின் கதை முடிந்துவிடும்! “ஐ”யை எடுத்துவிட்டு, “புலி போடு” என்றால், திருவிழாவில் புலி வேஷம் போடச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

“அடி”யும் உதவாது. “புலியை அடி” என்றால் தடியைத்தான் தேடுவார்கள்.

“ஊற்று” என்றால், நாலு கால் மிருகத்தை எப்படி ஊற்றுவது? “அடை” என்றால், அது கூண்டுப் புலி. அடைபட்ட புலி எங்கே பாயப் போகிறது? “ஏற்று” என்றால், புலி வெறும் சரக்கு மூட்டை.

மாடு பூட்டியவர் யோசனை

உழவருக்கு இன்னொரு சொல் தெரியும். அது “பூட்டு”. ஏரில் மாடு பூட்டுவார்கள். வண்டியில் காளை பூட்டுவார்கள். எஞ்சினின் வலுவையே குதிரைத்திறன் என்றுதானே அளக்கிறோம்? “உங்கள் வண்டியில் புலியைப் பூட்டுங்கள்!” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால், ஒரு குறை. புலி கிடைத்தது; பெட்ரோல் போய்விட்டது! விற்கவேண்டிய சரக்கே வாசகத்தில் இல்லை.

மிஞ்சுவது “விடு”.

விளக்குக்கு எண்ணெய் விடுகிறோம். சோற்றுக்கு நெய் விடுகிறோம். வயலுக்குத் தண்ணீர் விடுகிறோம். ஆகவே, பெட்ரோலுக்கு அது பொருந்தும்.

புலிக்கு? கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி “எருது விடும் விழா” நடக்கும். கட்டியிருந்த காளையை அவிழ்த்து விட்டதும், கூட்டத்துக்கு நடுவே பாய்ந்து ஓடும். குறைந்த நேரத்தில் தூரத்தைக் கடக்கும் காளைக்குப் பரிசு. அங்கே “விடு” என்றால் பாய்ச்சல்!

“டாங்கில் புலியை விடுங்கள்!”

ஒரே சொல்லில் எண்ணெயும் இறங்குகிறது, மிருகமும் பாய்கிறது. “டாங்கில்” என்ற சொல் மட்டும் விட்டுப்போகக் கூடாது. போனால், “புலியை விடுங்கள், வேறு பேச்சுப் பேசுவோம்” என்று ஆகிவிடும்!

விளையாட்டு அல்ல

விளம்பரத்தில் வினை தவறினால் சிரிப்போடு போய்விடும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. உரம் வேறு, மருந்து வேறு. உரத்தை இடவேண்டும், விதையைத் தூவவேண்டும், மருந்தைத் தெளிக்கவேண்டும். பூச்சிமருந்து டப்பாவில், “தெளி” என்று இருக்கவேண்டிய இடத்தில் “ஊற்று” என்று இருந்தால், பயிரும் பணமும் போகும். தெளிப்பவர் உடம்புக்கும் கேடு. ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்ப்பவர்கள், அந்த வேலையைக் கையால் செய்பவர் என்ன சொல்லுகிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டால் நல்லது.

இந்தியாவில் எஸ்ஸோவின் தொழிலை 1974-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இந்துஸ்தான் பெட்ரோலியம் உருவானது. எஸ்ஸோ பங்க்குகளோடு புலியும் போய்விட்டது. ஆனால், ஆங்கிலத்தில் பிறந்து தமிழுக்கு வரும் விளம்பரங்கள் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை தேடவேண்டியிருக்கிறது.

“விடு” என்ற சொல்லுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சொன்னபடி வண்டி பாயாவிட்டால், கம்பைநல்லூர்க்காரர் கம்பெனியைப் பற்றி அதே சொல்லால்தான் சொல்லுவார்:

“நல்லாக் கதை விடுறாங்க!”