பழைய கம்ப்யூட்டருக்குப் புது வேகம்

செகந்திராபாத்தில் பாரடைஸ் மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் இரட்டை நகரங்கள். மெட்ரோவை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் பார்க் லேன் என்ற தெரு வரும். அங்கே செனாய் டிரேட் சென்டர் என்ற பெரிய கட்டடம் உண்டு. ஊர்க்காரர்கள் அதைச் சுருக்கமாக 'சி.டி.சி.' என்பார்கள். மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகள்தான். புதுச் சாமான் கிடைக்கும். பழைய சாமானும் கிடைக்கும். ரிப்பேர் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

கையில் நிறையப் பணம் இருந்தால் அங்கே போவதில் சிரமம் இல்லை. கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால்? அப்போது எதை வாங்குவது, எதை விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

செகந்திராபாத்தில் பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே ஒரு பெண் வீட்டு முன்னறையில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் டைப் செய்வார். ஆதார் நகல் எடுத்துக் கொடுப்பார். அவருடைய கம்ப்யூட்டர் 2013-ல் வாங்கியது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அது முழுதாகத் திறந்திருக்காது. அட்மிஷன் காலத்தில் வாசலில் மாணவர்கள் நிற்பார்கள். "அக்கா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஒருவர் போனால் நஷ்டம் பத்து ரூபாய்தான். ஒரு நாளில் எத்தனை பேர் போகிறார்கள்?

"பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சுலபம். புதுக் கம்ப்யூட்டருக்குக் கடன் வாங்க வேண்டும். வட்டி கட்ட வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கம்ப்யூட்டரில் எது மெதுவாக இருக்கிறது?

எல்லாப் பாகமும் ஒரே மாதிரி பழசாவதில்லை. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் பத்து வருடம் கழித்தும் கணக்கைப் போட்ட வேகத்திலேயே போடும். டைப் செய்யவும், படிவம் நிரப்பவும், பிரிண்ட் எடுக்கவும் அது போதும். பெரும்பாலும் தாமதம் வருவது இரண்டு இடங்களில். ஒன்று ஹார்ட் டிஸ்க். இன்னொன்று ரேம்.

ஒரு சமையலறையை நினைத்துப் பாருங்கள். சாமான்கள் பரணில் இருக்கின்றன. சமைக்கும்போது வேண்டியதை எடுத்து மேடைமேல் வைக்கிறோம். பரண்தான் ஹார்ட் டிஸ்க். மேடைதான் ரேம். மேடை சிறியதாக இருந்தால் ஒன்றை எடுக்க இன்னொன்றைத் திரும்பப் பரணில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரும் இப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கடையில் நிற்பவருக்கு அது 'தொங்கிவிட்டது' என்று தோன்றுகிறது.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. பழைய இசைத்தட்டு மாதிரிதான். மேசைக் கம்ப்யூட்டரில் சாதாரணமாக இது நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஒரு சிறிய கை அங்கும் இங்கும் நகர்ந்து எழுத்துகளைத் தேடி எடுக்கும். தட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், கை நகர்ந்து சரியான இடத்தைப் பிடிக்க நேரம் ஆகும். கம்ப்யூட்டர் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளைத் தேட வேண்டும். அங்கேதான் நேரம் போகிறது.

இப்போது எஸ்.எஸ்.டி. என்று ஒன்று வந்திருக்கிறது. அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. வெறும் சில்லுகள். தேடும் நேரம் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யும் செலவில் இதைப் போல உடனே கண்ணுக்குத் தெரியும் செலவு வேறு இல்லை.

எது குறை என்று வீட்டிலேயே பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே அதைப் பாருங்கள். 'டிஸ்க்' என்ற இடத்தில் 100 என்றே நின்று, 'மெமரி' பாதிதான் நிறைந்திருந்தால் குறை ஹார்ட் டிஸ்கில். மெமரி 90-ஐத் தாண்டினால் ரேம் போதவில்லை. மேடை நிறைந்தால் பரணுக்கும் வேலை கூடும். அதனால் இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் ரேமையும் சந்தேகப்பட வேண்டும்.

காசு செலவழிக்கும் முன் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே பத்து வருடத் தூசி இருக்கும். காற்றாடியில் தூசி அடைத்தால் பிராசசர் சூடாகும். சூடானால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தாலே பாதி நோய் தீர்ந்த கம்ப்யூட்டர்கள் உண்டு. ரேமைத் தொடும் முன் பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்காமல் இருக்க இது உதவும்.

இன்னொரு சின்ன விஷயம். கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? பேங்க் தளமும் அரசுத் தளமும் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கின்றனவா? போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே பட்டன் மாதிரி ஒரு 3 வோல்ட் செல் இருக்கிறது. முதலில் அதை மாற்றிப் பாருங்கள். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

சரி, இப்போது சி.டி.சி.க்குப் போகலாம். பழைய நட்டை எடுத்துப் போய்க் காட்டி அதே அளவில் புது நட்டு வாங்குகிறோம் அல்லவா? அதுபோலப் பழைய ரேமைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். டி.டி.ஆர்.3 ரேம் போகும் இடத்தில் டி.டி.ஆர்.4 போகாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. அழுத்திச் செருகினால் பலகைதான் உடையும். எஸ்.எஸ்.டி.யிலும் இரண்டு ஜாதி உண்டு. பழைய பலகைக்கு வேண்டியது 'சாட்டா' வகை. சூயிங்கம் பட்டை போல் நீளமாக இருக்கும் 'எம்.2' வகைக்குப் பெரும்பாலான பழைய பலகைகளில் இடம் கிடையாது. 'புதுசு, வேகமானது' என்று அதைத் தலையில் கட்டினால் வாங்க வேண்டாம்.

2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகம் முழுவதும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் கட்டும் கூடங்களுக்குச் சில்லுகள் மொத்தமாகப் போனதுதான் காரணம். எங்கோ நடக்கும் விஷயம் ஜெராக்ஸ் கடைக்காரம்மாவின் 3,000 ரூபாயைத் தொடுகிறது. எஸ்.எஸ்.டி. விலையும் கூடியது. ஆகவே மூன்று கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். 128 அல்லது 256 ஜி.பி. அளவு எஸ்.எஸ்.டி. போதும். படம், கோப்பு எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கட்டும். எஸ்.எஸ்.டி.யைப் புதிதாகவே பில்லுடன் வாங்குங்கள். பல கம்பெனிகள் 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. பணம் மிஞ்சினால், பலகையில் காலி இடமும் இருந்தால், 4 ஜி.பி. ரேம் ஒன்று சேர்க்கலாம். ரேம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிராசசர், பலகை, கேபினெட் எதையும் மாற்ற வேண்டாம். அந்தச் செலவைச் செய்வதற்குப் பதில் கொஞ்சம் புதிய பழைய கம்ப்யூட்டரையே வாங்கிவிடலாம்.

அடுத்தது விண்டோஸ் பிரச்சினை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 2013-ல் வாங்கிய கம்ப்யூட்டரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. இதற்கு லினக்ஸ் ஒரு வழி. அது இலவசம். சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ்தான். தமிழ், தெலுங்கு இரண்டிலும் டைப் செய்யலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் ஓடுகிறதா? ஸ்கேனர் ஓடுகிறதா? கைரேகைக் கருவி இருந்தால் அது ஓடுகிறதா? சில கருவிகள் விண்டோஸில் மட்டுமே ஓடும். பிழைப்புக்கு வேண்டிய கருவி ஓடாவிட்டால் வேகம் இருந்து என்ன பயன்?

பாகத்தை மாற்றும் முன் முக்கியமான கோப்புகளை இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை விடக் கூடாது.

பழைய ஹார்ட் டிஸ்கை விற்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், போட்டோ எல்லாம் இருக்கும். 'டெலீட்' அழுத்தினால் பெயர்தான் பட்டியலிலிருந்து போகும். எழுத்து டிஸ்கிலேயே கிடக்கும். தெரிந்தவர் எடுத்துவிடலாம். டிஸ்க் முழுவதையும் வேறு எழுத்தால் நிரப்பி அழிக்க மென்பொருள் இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லி, எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் டிஸ்கைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டும்.