தஞ்சாவூர்ப் படத்துக்கு மார்க்கர் ஆகுமா?

தஞ்சாவூர்ப் படம் போட ஆசை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வாங்கிய ஆல்கஹால் மார்க்கரும் கலர் பென்சிலும் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றை வைத்தே ஒப்பேற்றிவிடலாமா? காகிதத்தில் ஒத்திகை பார்க்கத் தாராளமாக உதவும். பலகைமேல் மட்டும் வைக்காதீர்கள்.

அந்தக் காலத்தில் பலாப்பலகையில் வரைந்ததால் இதைப் பலகைப் படம் என்றார்கள். இப்போது பிளைவுட். அதன்மேல் துணி ஒட்டி, சாக் பவுடரைப் பசையில் குழைத்துப் பூசி, காயவிட்டு வழவழவென்று தேய்க்கிறோம். அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். மார்க்கர் மை கோட்டைத் தாண்டிப் பரவும், முனையில் பொடி அடைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய குறை, ஆல்கஹால் மார்க்கரில் இருப்பது சாயம். வெளிச்சம் பட்டால் வெளுக்கும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்து ஓவியர்கள் கல்லையும் மண்ணையும் அரைத்து எடுத்த வண்ணங்களை நம்பினார்கள். கூடத்துச் சுவரில் மாட்டப்போகும் படத்துக்குச் சாயம் தாங்காது. கலர் பென்சிலில் மெழுகு இருக்கிறது, அதன்மேல் தண்ணீர்க் கலர் ஒட்டாது.

சரி, ஒத்திகை எதற்கு? இந்த ஓவியத்தில் வண்ணம் கடைசியில்தான் வரும். முதலில் கல் பதிப்பது, அடுத்து மக்கு வேலை, அதாவது பசைக் கலவையால் புடைப்பு ஏற்றுவது, பிறகு தங்க ரேக்கு ஒட்டுவது. விலை கொடுத்த தங்கம் பக்கத்தில் பளபளக்கும்போது, பின்னணி சிவப்பா பச்சையா என்று தடுமாறிக்கொண்டிருக்க முடியாது. அழித்துப் பூசினால் ஈரம் ரேக்கில் ஏறும். ஆகவே கோட்டுப் படத்தை நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து, அவற்றில் கலரை முடிவு செய்துவிடுங்கள்.

மார்க்கர் வாங்குகிறவர்கள் நூறு கலர் பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். அரக்குச் சிவப்பு, இலைப்பச்சை, நீலம், மஞ்சள், உடம்பு நிறத்தில் இரண்டு, ஒரு பழுப்பு இருந்தால் போதும். ஜெராக்ஸ் மையைக் கரைக்காத மார்க்கராக ஜப்பானில் 1987-ல் வந்தது காப்பிக், விலைதான் கடிக்கும். ஒத்திகைக்கு மலிவானதே போதும். ஆனால் வாங்கும் முன் ஒரு ஜெராக்ஸ் துண்டில் தேய்த்துப் பாருங்கள், கோடு கலங்கினால் வேண்டாம். சாதாரண ஏ4 தாளில் மை மறுபக்கம் இறங்கும். கொஞ்சம் கனமான, வழுவழுப்பான தாளில் ஜெராக்ஸ் எடுங்கள், அடியில் ஒரு பழைய அட்டையும் இருக்கட்டும். அக்னி நட்சத்திர வெயிலில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் மை உடனே காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். முதலில் மார்க்கர், அது காய்ந்தபின் பென்சிலால் நிழல். மாற்றிச் செய்தால் மெழுகு மார்க்கர் முனையைக் கெடுத்துவிடும். தங்கம் வரும் இடத்துக்குக் காவி மஞ்சள் பென்சில் போதும். ஜிகினா பேனாவில் பூசினால் உண்மையில் எப்படி இருக்கும் என்று கணக்கே தெரியாது.

பலகைக்கு போஸ்டர் கலர் அல்லது அக்ரிலிக். போஸ்டர் கலர் காய்ந்தபிறகும் ஈரத் தூரிகை பட்டால் கரையும். தொடக்கக்காரர் கைக்கு அது வசதி, மேற்பூச்சு போடும்போது அதுவே தொல்லை. அக்ரிலிக் காய்ந்தால் அசையாது. நான் சொல்வது பின்னணிக்கு அக்ரிலிக், முகத்துக்கு போஸ்டர் கலர். கண், புருவத்துக்கு நல்ல மெல்லிய தூரிகை ஒன்று, அதில் கஞ்சத்தனம் கூடாது.

மார்க்கரில் மிச்சம் பிடித்த காசைத் தங்க ரேக்கில் போடுங்கள். மலிவு ரேக்கு செம்பும் துத்தநாகமும் கலந்தது, நாளடைவில் கறுக்கும். 22 காரட் ரேக்கு கறுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை தொடங்குகிறவர்கள் மக்கை ஒரேயடியாகக் கனமாக ஏற்றாமல் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் மக்கில் ரேக்கு ஒட்டினால், பின்னால் அது வெடிக்கும்போது தங்கமும் சேர்ந்தே வெடிக்கும்.