பூனைத் தீனியும் கறுப்பு உடுப்பும்

கடைக்காரர் தன் வீட்டுக்கு எடுத்துப்போன அரிசியைக் கடைச் செலவாக எழுதக்கூடாது என்பது கணக்கீடு படிக்கும் நமக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம். சரி, அவர் பூனைக்கு வாங்கிய தீனியை எழுதலாமா?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்த ஒரு தம்பதியர் எழுதினார்கள். இரும்புக் குவியல்களுக்குள் பாம்பும் எலியும் குடியிருந்தன. வரும் வாடிக்கையாளருக்கு ஆபத்து. ஆகவே, சுற்றித்திரிந்த பூனைகள் அங்கே வந்து தங்கும்படி தீனி வைத்தார்கள். 2001 ஆம் ஆண்டு வரி நீதிமன்றத்தில் தீர்ந்த அவர்களது வழக்கில் அந்தச் செலவு கழிப்பனவாக ஏற்கப்பட்டது. அதே பூனை வீட்டில் செல்லமாக வளர்ந்திருந்தால் ஒரு சதமும் கழித்திருக்க முடியாது.

இதை வீட்டில் சொன்னபோது, "அப்ப பூனைட தீனிக்கு அரசாங்கமா காசு குடுக்குது?" என்று உம்மா கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 100 ரூபாய் உழைத்தவர் அதற்காக 30 ரூபாய் செலவழித்தால் வரி 70 ரூபாய்க்கே கணக்கிடப்படும். வரி 10 வீதம் என்றால் 10 ரூபாய்க்குப் பதில் 7 ரூபாய். மிச்சம் 3 ரூபாய்தான்; மற்ற 27 ரூபாய் அவரது சொந்தக் காசு.

அமெரிக்காவில் மருத்துவச் செலவுக்கும் கழிப்பனவு உண்டு. பல் வரிசை மோசமாகக் கோணியிருந்த ஒரு பிள்ளைக்குக் கிளாரினெட் வாசிக்கச் சொல்லிப் பல் வைத்தியர் ஆலோசனை கூறினார். வாத்தியத்தின் விலையையும் பயிற்சிக் கட்டணத்தையும் மருத்துவச் செலவாகக் கழிக்கலாம் என 1962 இல் இறைவரித் திணைக்களமே அறிவித்தது.

பூனையும் கிளாரினெட்டும் வென்ற இடத்தில் ஒரு பெண்ணின் உடுப்பு தோற்றதுதான் எனக்கு ஆச்சரியம். இங்கிலாந்தில் ஆன் மலாலியூ என்ற சட்டத்தரணி, நீதிமன்றத்துக்கு அணிந்த கறுப்பு உடுப்புகளை வாங்கிய, சலவை செய்த செலவைக் கழிக்கக் கேட்டார். கறுப்பு அவருக்குப் பிடிக்காத நிறம். சட்டத்தரணிகளின் உடை விதி இல்லாவிட்டால் அணிந்திருக்கவே மாட்டார். ஆனால், செலவு "முழுமையாகவும் தொழிலுக்காக மட்டுமே" செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இரண்டு நீதிமன்றங்கள் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. 1983 இல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. அவர் மனதில் தொழில் மட்டுமே இருந்திருக்கலாம். ஆனாலும் மனிதருக்குக் குளிருக்கும் மானத்துக்கும் உடுப்பு வேண்டும், அந்த நோக்கமும் அதற்குள் இருக்கிறது என்றார்கள். ஐந்து பேரில் எல்வின் ஜோன்ஸ் பிரபு மட்டும் மாறுபட்டார்.

எனக்கு அந்த ஒருவர் சொன்னதே நியாயமாகப் படுகிறது. மலாலியூவிடம் வேறு உடுப்புகள் தாராளமாக இருந்தன. மானம் காக்க அவையே போதும். கறுப்பை வாங்க வைத்தது நீதிமன்றம். ஆனால் சட்டம் படிக்கப்போவதாகச் சொல்லும் என் தோழி விடவில்லை. "அவவுக்குக் குடுத்தா நாளைக்கு டீச்சர்ட சாரி, பேங்க்ல வேல செய்றவர்ட சப்பாத்து எல்லாம் வரிசையில வரும். எங்க கோடு கீறுவீங்க?" என்கிறாள். இடைவேளை மணி அடித்ததால் அன்று தப்பிவிட்டேன்.