செம்மண்ணுக்குச் சிமெண்ட், கரிசலுக்குச் சுண்ணாம்பு

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பழைய வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டும்போது, தோண்டிய செம்மண் லாரி லாரியாக ஊருக்கு வெளியே போகிறது. பிறகு அதே தெருவுக்குச் செங்கல் லாரிகள் வருகின்றன. போன மண்ணிலேயே சுவர் எழுப்பியிருக்கலாம். இதைச் செய்து காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஊரார் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், 1974இல் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய ‘அஸ்த்ரா’ அமைப்பில், கே.எஸ். ஜெகதீஷும் பி.வி. வெங்கடராம ரெட்டியும் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

வெறும் மண்கட்டி காய்ந்திருக்கும்வரை உறுதியானது, நனைந்தால் கரைந்துவிடும். சலித்த மண்ணில் 6 முதல் 8 சதவீதம் சிமெண்ட் கலந்து, கைக்குள் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கி, கைப்பொறியில் அழுத்தி, சுமார் 4 வாரம் ஈரச் சாக்கு போட்டு ஆற்றினால் அந்தப் பலவீனம் போய்விடும். சூளை வேண்டாம் என்பதால், சுட்ட செங்கல்லுக்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கே போதும்.

சிமெண்ட்டை அள்ளிப் போட்டால் பலம் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். அழுத்தம் போதாமல் உள்ளே வெற்றிடம் இருந்தால் அந்தக் காசு வீண். சிமெண்ட் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் மணல் துகள்களை. பெங்களூர்ச் செம்மண்ணின் களி, நீர் பட்டாலும் அதிகம் உப்பாத கயோலினைட் வகை என்பது நமக்கு வசதி. களி மிகுந்திருந்தால் மணலோ குவாரித் தூளோ சேர்த்துச் சரிசெய்யலாம். மேல்மண்ணைத் தொடவே கூடாது. அதிலுள்ள மட்கு சிமெண்ட்டை இறுகவிடாது. அது தோட்டத்துக்குப் போகட்டும்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் கதை வேறு. அதன் மான்ட்மோரில்லோனைட் களி, அடுக்குகளுக்கிடையே நீரை இழுத்து உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே போட்ட சாலையும் கூடவே விரியும். இதற்குச் சுண்ணாம்புதான் மருந்து. சுண்ணாம்பிலுள்ள கால்சியம், களியில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியேற்றியதும், சில மணி நேரத்திலேயே பிசுபிசுப்புக் குறைந்து மண் உதிரியாகிறது. அடுத்த வேலை மெதுவாக, வாரக்கணக்கில் நடக்கும்: காரத்தன்மை ஏறியதால் களியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து சிமெண்ட் போன்ற பசையாகின்றன. நீற்றாத சுண்ணாம்போ நீற்றியதோதான் இதற்கு ஆகும், சுண்ணாம்புக்கல் தூள் உதவாது. மண்ணில் ஜிப்சம் போன்ற சல்ஃபேட் மிகுந்திருந்தால் சுண்ணாம்பே வினையாகும். எட்ரிஞ்சைட் என்ற படிகம் வளர்ந்து தரையைத் தூக்கிவிடும்.

ஆகவே சேர்மானம் வாங்குமுன் மண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் மண்ணும் நீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும், களி மணிக்கணக்கில் கலங்கியே நிற்கும். எது எவ்வளவு என்று தோராயமாகத் தெரிந்துவிடும். உப்புமா, உப்பாதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். மண்கட்டி விற்பவர் வலிமை எண் சொன்னால், உலர்ந்த கட்டியில் அளந்ததா, ஊறவைத்த கட்டியில் அளந்ததா என்று கேளுங்கள். கணக்கில் எடுக்க வேண்டியது ஊறிய கட்டியின் எண்ணைத்தான்.