குளிர்நாட்டில் நம்நாட்டு மரங்கள்

கடல் கடந்து வாழும் நம் கல்லூரிப் பழைய மாணவர் விடுமுறையில் வன்னிக்கு வந்து மீளும்போது, கொண்டு செல்ல விரும்பும் பொருள்களுள் விதையும் ஒன்று. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ வீட்டுச் சாடியில் ஒரு கறிவேப்பிலையையோ வேம்பையோ வளர்த்துக் காணும் ஆசை இயல்பானதே. அம்முயற்சி பலர்க்குப் பயன் தராது போவதற்குக் குளிரொன்றே காரணம் என்று கருதுதல் பொருந்தாது. விதையின் இயல்பை அறியாமையே முதற் காரணமாகும்.

விதைகளுள் உலர்ந்த பின்னும் உயிரோடு உறங்குவன ஒருவகை; உலர்ந்தால் உயிர் விடுவன மற்றொருவகை. புளியும் முருங்கையும் முன்னவை. மாவும் பலாவும் பின்னவை. கறிவேப்பிலை விதையும் வேப்பம் விதையும் பழத்தினின்று எடுத்த சில கிழமைகளிலேயே முளைதிறன் குன்றுவன.

இதற்கு வரலாற்றிலே தக்க சான்றுண்டு. 1876ஆம் ஆண்டில் விக்கம் என்பவர் பிறேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ பூங்காவிற்குக் கொணர்ந்தார். காலந் தாழாது கண்ணாடி வீட்டில் விதைத்தும் முளைத்தவை ஏறக்குறைய 2,700 மட்டுமே. நெடிய கடற்பயணத்தில் ஏனையவை உயிரிழந்தன. எனினும் முளைத்தவற்றுள் 1,919 கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுட் பெரும்பாலன கம்பகாவை அடுத்த எனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. குளிர்நாட்டிலும் வெப்பநாட்டு மரம் முளைக்கும் என்பதையும், பழைய விதை முளையாது என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகின்றது.

இனி, செய்முறையை நோக்குவோம். புளியங்கொட்டையின் தோலை ஓரிடத்தில் உரைத்து, ஓர் இரவு நீரில் ஊறவிடுக. மாங்கொட்டையின் ஓட்டைப் பக்குவமாகப் பிளந்து, உள்ளிருக்கும் பருப்பை ஊன்றுக. கறிவேப்பிலைப் பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, அன்றே விதைத்தல் நன்று. தும்புச்சோறும் மணலும் கலந்த கலவை போதுமானது. சாடியின் அடியில் துளை இன்றியமையாதது. கலவையின் வெப்பம் 25 முதல் 30 பாகை செல்சியசு வரை இருத்தல் வேண்டும். அறையின் வெப்பத்தினும் வேரடி வெப்பமே முளைப்பதற்குப் பெரிதும் உதவும்.

முளைத்த பின்னர் வேண்டுவது ஒளி. மார்கழியில் கிளிநொச்சியில் பகற்பொழுது பதினொன்றரை மணிநேரத்துக்குக் குறையாது. இலண்டனில் அது எட்டு மணிநேரத்தளவே. ஒஸ்லோவில் ஆறு மணிநேரத்தளவே. ஆதலால், தெற்கு நோக்கிய சாளரத்தருகே சாடியை வைத்து, மின்விளக்கொளியால் குறையை நிரப்புதல் வேண்டும். இளவேனிலில் விதைப்பின், மாரி வருமுன் கன்று வலுப்பெறும். மாரியில் முருங்கை இலையுதிர்ப்பின், இறந்ததென அஞ்சி நீரை மிகுதியாக வார்த்தல் ஆகாது. குளிரால் மடியும் கன்றுகள் போலவே நீர் மிகையால் வேரழுகி மடிவனவும் பல. வெளியே வைத்த சாடியை, இரவு வெப்பம் 10 பாகைக்குக் குறையுமுன் உள்ளே எடுத்தல் வேண்டும்.

பனை இம்முயற்சிக்கு எளிதில் இணங்காது. அதன் முளை முதலில் மண்ணுள் ஆழச் சென்று கிழங்காவதால், சிறு சாடி அதற்குப் போதாது.

விதை கொண்டு செல்வோர் அவ்வந்நாட்டுத் தாவரத் தடைகாப்பு விதிகளை முன்னரே அறிந்து, வேண்டிய சான்றிதழைப் பெறுதல் கடமை. மண்ணோடு கன்றைக் கொண்டு செல்ல முயலுதல் தகாது. அங்குள்ள தமிழர் கடைகளில் வாங்கும் மாம்பழத்தின் கொட்டையும் புளியினுள் எஞ்சிய கொட்டையும் தொடக்கத்துக்கு ஏற்றவை.

இவ்வாறு வளர்க்கும் மரம் காய்த்துக் குலுங்கும் என்று எதிர்பார்த்தல் அரிது. அதனால் விளையும் பயன் வேறு. நெல்லின் இளமையை நாற்றென்றும், மாவின் இளமையைக் கன்றென்றும், தென்னையின் இளமையைப் பிள்ளையென்றும், பனையின் இளமையை வடலியென்றும் வேறுபடுத்தி வழங்குவது நம் மொழி. பொருளைக் காணாத பிள்ளைக்கு இச்சொற்கள் வெறும் ஒலிகளாகவே நின்றுவிடும். சாளரத்தருகே மாங்கன்று ஒன்று துளிர்ப்பதை நாள்தோறும் காணும் பிள்ளைக்கோ, கன்று என்னும் சொல் உயிருள்ளதாகும். கடல் கடந்த இல்லங்களில் தமிழ் நிலைக்க விரும்புவோர் புத்தகத்தோடு ஒரு விதையையும் பிள்ளையின் கையிற் கொடுப்பாராக.